வலசைப் பறவையைக் களத்தில் வரைவது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வடகிழக்குப் பருவமழையோடு வலசைப் பறவைகளும் வந்து இறங்கிவிட்டன. இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பல ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. அரிதான பறவை ஒன்று கண்ணில் பட்டால் அதை அந்த இடத்திலேயே எப்படி வரைந்து வைப்பது, அந்த ஓவியத்தை நம்பகமான பதிவாக்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

கோடியக்கரையில் உள்ளான் என்ற சிறு கரைப்பறவைகளின் கூட்டத்தை வரைய உட்கார்ந்தால், தலையை முடிப்பதற்குள் பறவை பத்தடி தள்ளி ஓடிவிடுகிறது. எந்த வரிசையில் வரைந்தால் பிடிக்க முடியும்? (நாகப்பட்டினம் வாசகர்)

தலையிலிருந்து தொடங்குவதால்தான் இந்தத் தொல்லை. கண், அலகு என்று நுணுக்கமாக ஆரம்பித்தால் உடம்புக்குப் போவதற்குள் பறவை நகர்ந்துவிடும். மீதியை மனத்திலிருந்து நிரப்புவீர்கள், விகிதம் கெட்டுவிடும்.

முதல் கோடு உடம்பின் அச்சாக இருக்கட்டும். மார்பிலிருந்து வால்நுனி வரை ஒரே சாய்கோடு போதும். பறவை படுக்கைவாட்டில் குனிந்து மேய்கிறதா, நிமிர்ந்து நிற்கிறதா என்பதை அந்த ஒரு கோடே சொல்லிவிடும். அதன்மேல் ஒரு கோழிமுட்டை வடிவம் போடுங்கள். அகன்ற பக்கம் மார்பு, குறுகிய பக்கம் வால். அடுத்து தலைக்கு ஒரு வட்டம். வட்டம் முட்டையோடு ஒட்டியிருக்கிறதா, விலகியிருக்கிறதா என்பதுதான் கழுத்தின் நீளம். பிறகு அலகுக்கு ஒரு கோடு, அந்தக் கோடு தலைக்குள் நீண்டால் போகும் வழிக்குச் சற்று மேலே கண்ணுக்கு ஒரு புள்ளி. கால் கடைசியில்தான். பழகிய கைக்கு இவ்வளவும் பத்து விநாடி வேலை.

காலில் பலரும் ஒரே தவறைச் செய்கிறார்கள். பின்னோக்கி மடங்குகிறதே, அந்த மூட்டை முழங்கால் என்று நினைத்து வரைகிறார்கள். அது கணுக்கால். உண்மையான முழங்கால் வயிற்று இறகுகளுக்குள் மறைந்திருக்கும். அதனால் கால் உடம்பிலிருந்து வெளிப்படும் இடம் சற்றுப் பின்தள்ளி இருந்தாலும், விரல்கள் ஊன்றும் இடம் உடம்பின் எடைக்கு நேர்கீழே வரவேண்டும். ஒற்றைக்காலில் நிற்கும் பறவையின் முட்டை வடிவத்துக்கு நடுவில் ஒரு செங்குத்துக் கோடு இழுத்துப் பாருங்கள். பாதம் அந்தக் கோட்டை விட்டு விலகியிருந்தால் உங்கள் பறவை தாளில் கவிழ்ந்துவிடும்.

பறவை திரும்பிவிட்டால் அந்தக் கோட்டை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தில் அடுத்ததைத் தொடங்குங்கள். ரப்பரைத் தொட வேண்டாம். ஒரே பக்கத்தில் ஆறேழு அரைகுறை வடிவங்கள் இருப்பது நல்ல களப்பக்கத்துக்கு அடையாளம். கரைப்பறவைகள் ஓடும், நிற்கும், கொத்தும், மறுபடி ஓடும். கொஞ்ச நேரத்தில் அதே நிலைக்குத் திரும்பி வரும். அப்போது பழைய கோட்டுக்குப் போய் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

தாளைப் பார்ப்பதைப் போல மூன்று மடங்கு நேரம் பறவையைப் பாருங்கள். பார்த்ததும் இரண்டு விநாடி கண்ணை மூடி, உள்ளே நிற்கும் வடிவத்தை வரையுங்கள். இதைப் பழக அரிய பறவை தேவையில்லை. ஏரிக்கரையில் அசையாமல் நிற்கும் மடையானில் தொடங்கி, மெதுவாக நடக்கும் நெடுங்கால் உள்ளானுக்கு வந்து, பிறகு கொசு உள்ளானுக்குப் போங்கள். பழக்கமில்லாத கையோடு அரிய பறவைக்கு முன்னால் உட்கார்ந்தால் பதற்றம்தான் கோட்டில் பதியும்.

உப்பளத்தில் நூற்றுக்கணக்கில் நிற்கும் சின்ன உள்ளான்கள் எல்லாமே ஒன்றுபோலத் தெரிகின்றன. அவற்றுக்குள் அரியது ஒன்று இருந்தால் அதை நிரூபிக்க ஓவியத்தில் எதெல்லாம் கட்டாயம் இருக்க வேண்டும்? (தூத்துக்குடி வாசகி)

இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். குளிர்கால இறகில் இவை எல்லாமே சாம்பலும் வெள்ளையும்தான். நிறத்தை நம்பி வரைந்தால் எந்தப் பறவையும் எந்தப் பறவையாகவும் ஆகிவிடும். அமைப்பைத்தான் வரைய வேண்டும்.

முதலில் அளவுகோலை அமைத்துக்கொள்ளுங்கள். அலகின் நீளத்தைத் தலையின் நீளத்தோடு ஒப்பிடுங்கள். கொசு உள்ளானுக்கு அலகு தலையைவிடச் சற்றுக் குறைவு, நேராகக் கூர்ந்து முடியும். பக்கத்திலேயே மேயும் வளைமூக்கு உள்ளானுக்கு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, சீராகக் கீழ்நோக்கி வளைந்திருக்கும். நுனியில் மட்டும் திடீரென்று மடிந்தாற்போல இருந்து, கண்ணுக்கு மேலே புருவக்கோடு இரண்டாகப் பிரிந்திருந்தால் அது அகன்ற அலகு உள்ளான். அலகை மட்டும் தனியாக, பெரிதாக, பக்கத்தின் ஓரத்தில் ஒருமுறை வரையுங்கள். எதிரே பார்க்கும்போது எப்படி இருக்கிறது என்று இன்னொரு முறை.

அடுத்தது சிறகுநுனி. மடித்த சிறகின் மேல் போர்த்தியதுபோல் நீண்டு கிடக்கும் சில உள்ளிறகுகள் இருக்கும். அவற்றின் முனையைத் தாண்டி, சிறகின் வெளிப்புறத்து நீண்ட பறப்பு இறகுகளான கருமையான முதன்மை இறகுகளின் நுனி எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். கொசு உள்ளானில் தெளிவாகத் தெரியும். நீளவிரல் உள்ளானில் உள்ளிறகே கிட்டத்தட்ட முழுவதையும் மூடிவிடும். பிறகு அந்த நுனி வால்நுனிக்கு உட்பட்டு நிற்கிறதா, சமமாக இருக்கிறதா, தாண்டுகிறதா என்று பாருங்கள். டெம்மிங்க் உள்ளானில் வால் சிறகுநுனியைத் தாண்டி வெளியே வரும், உடம்பே பின்பக்கம் நீண்டு தெரியும். இந்த மூன்று முனைகளின் வரிசையை ஒரு சின்னக் கட்டம் போட்டு வரைந்துவிட்டால், பாதிச் சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும்.

மார்பில் சாம்பல் எங்கே நிற்கிறது என்று எல்லைக்கோடு போடுங்கள். டெம்மிங்க்கில் அது மார்பு முழுக்கப் பட்டையாகச் சுற்றியிருக்கும். கொசு உள்ளானில் இரண்டு ஓரங்களிலும் மட்டும், நடுமார்பு வெள்ளை. நீளவிரல் உள்ளானில் கோடுகோடாக இருக்கும், முதுகு இறகுகளின் நடுப்பகுதி அடர்ந்த கருமை, எச்சரிக்கையாகும்போது கழுத்தை நீட்டி நிமிர்ந்து நிற்கும்.

கால் நிறத்தில் கவனம் தேவை. கொசு உள்ளானுக்குக் கறுப்புக் கால், மற்ற இரண்டுக்கும் மஞ்சள் அல்லது பசுமஞ்சள். ஆனால் சேற்றில் இறங்கிய எந்தக் காலும் கறுப்பாகவே தெரியும். அதனால் "கறுப்புக் கால்" என்று எழுதுவதற்கு முன் கணுவுக்கு மேலே உள்ள பகுதியைப் பாருங்கள், சேறு அங்கே அவ்வளவாக ஏறியிருக்காது. பறவை தண்ணீருக்குள் நடந்து வெளியே வரும் நேரத்துக்குக் காத்திருப்பது இன்னும் நல்லது.

சேறு அலகிலும் ஒட்டும். கொசு உள்ளானின் அலகு நுனியில் சேற்று உருண்டை ஒன்று ஒட்டிக்கொண்டால் தூரத்திலிருந்து பார்ப்பவருக்குக் கரண்டிவாய் உள்ளானோ என்று நெஞ்சு படபடத்துவிடும். அது கரண்டிபோல் நுனி விரிந்த அலகுடைய, உலக அளவில் மிக அருகிவிட்ட பறவை. ரஷ்யாவின் வடகிழக்கு ஓரத்தில் இனப்பெருக்கம் செய்து தெற்கு நோக்கி வருவது, கோடியக்கரையில் முன்பு பதிவாகியும் இருக்கிறது. அப்படி ஒன்று என்று தோன்றினால் பக்கவாட்டுத் தோற்றத்தில் முடிவு செய்யாதீர்கள். பக்கத்திலிருந்து பார்த்தால் அந்த அலகு சற்றுத் தடித்த நேரான அலகாகத்தான் தெரியும். எதிரேயோ மேலிருந்தோ பார்த்தால்தான் கரண்டி விரியும். நேர்எதிர்த் தோற்றம் ஒன்றும், அது மேயும் விதமும் உங்கள் களப்பக்கத்தில் இருக்க வேண்டும். கொசு உள்ளான் ஊசி குத்துவதுபோலப் படபடவென்று கொத்தும். கரண்டிவாய் உள்ளான் அலகை இருபக்கமும் அசைத்துத் துழாவும். சிறு அம்புக்குறி போட்டு அந்த அசைவைக் காட்டலாம். பறவை அலகைக் கழுவும் வரையோ, இறகில் துடைக்கும் வரையோ பாருங்கள். உருண்டை போய்விட்டால் விடை கிடைத்துவிட்டது.

ஒன்றைக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். செங்கழுத்து உள்ளான் நம் பக்கம் அரிதாக வரக்கூடியது. குளிர்கால இறகில் அதையும் கொசு உள்ளானையும் தொலைவிலிருந்து பிரிப்பது மிகக் கடினம். ஓவியம் எவ்வளவு நன்றாக வந்தாலும் பெயர் எழுதாமல் விட வேண்டிய நேரம் வரும். அந்தப் பக்கமும் பயனுள்ள பக்கம்தான்.

நல்ல லென்ஸ் வைத்திருக்கிறேன். பிறகு எதற்கு வரைய வேண்டும்? (திருச்சி வாசகர்)

அரிய பறவை என்றால் முதல் அரை நிமிடத்தைக் கேமராவுக்கே கொடுங்கள். எவ்வளவு மங்கலாக இருந்தாலும் சான்றுப்படம் ஒன்று கையில் இருப்பது நல்லது. அதன்பின் கேமராவைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டு வரையுங்கள்.

காரணம் இதுதான். படம் ஒரு நொடியின் ஒளியைப் பிடிக்கிறது. வெயிலில் வெள்ளை வயிறு எரிந்துபோகும், மார்பின் லேசான சாம்பல் பட்டை காணாமல் போகும், ஒரு கோணத்தில் அலகு குட்டையாகத் தெரியும். வரைபவர் இருபது நிமிடம் பார்த்து, பல நிலைகளில் மாறாமல் இருப்பது எது என்று தேர்ந்தெடுத்து வைக்கிறார். அதைவிட முக்கியம், வரையும்போதுதான் எதைப் பார்க்கவில்லை என்பது தெரியவரும். பிட்டத்தை வரையப் பென்சில் போகும், அங்கே வெள்ளையா சாம்பலா என்ற நினைவே இருக்காது. உடனே ஸ்கோப்புக்கு (முக்காலியில் நிறுத்திப் பார்க்கும் தொலைநோக்கிக்கு) திரும்பிப் பறவை சிறகு விரிக்கும் வரை காத்திருப்பீர்கள். படம் எடுத்தவருக்கு அந்தக் கேள்வி வீட்டுக்குப் போய்த்தான் வரும், அப்போது பறவை இருக்காது.

எந்தத் தாள், எந்தப் பென்சில்? கடற்கரையில் தாள் நமத்துப்போய்க் கோடு ஏறுவதே இல்லை. (கடலூர் வாசகர்)

ஏ5 அளவில், கெட்டி அட்டை போட்ட, 150 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைக் குறிக்கும் எண்) கார்ட்ரிட்ஜ் தாள் நோட்டு. லேசாக நீர்வண்ணம் பூச வேண்டுமென்றால் 200 ஜிஎஸ்எம். மெல்லிய தாள் வண்ணம் பட்டதும் நெளிந்துவிடும். சுருள்கம்பி நோட்டை மடித்துப் பிடிக்க வசதிதான், ஆனால் பைக்குள் பக்கங்கள் ஒன்றோடொன்று உரசிக் கரி பரவும். தைத்த நோட்டே மேல்.

நமத்த தாளில் எச்பி போன்ற கடினமான பென்சில் பள்ளம்தான் பறிக்கும். 2பி அல்லது 4பி எடுத்துக்கொள்ளுங்கள். அதையும்விட நமத்த தாளில் சாதாரணக் கறுப்புப் பால்பாயின்ட் பேனா நன்றாக ஓடும். அழிக்க முடியாது என்பது அதன் குறையல்ல, களப்பக்கத்துக்கு அதுவே நல்லது. மேலே வண்ணம் பூசுவதாக இருந்தால் நீரில் கரையாத நிறமி மை உள்ள பேனா, 0.3 அல்லது 0.5 முனை. ஜெல் பேனாக்களில் பல கரைந்து ஓடும், வீட்டில் ஒருமுறை நனைத்துச் சோதித்துவிட்டு எடுத்துப் போங்கள்.

நோட்டை மூடிபோட்ட பிளாஸ்டிக் பெட்டியில், சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டோடு வையுங்கள். காற்றுக்கு இரண்டு புல்டாக் கிளிப். முனை மழுங்காத மெக்கானிக்கல் பென்சில் என்றால் 0.7 ஈயம், 0.5 அவசரத்தில் உடைந்துகொண்டே இருக்கும். இதற்குமேல் வாங்க வேண்டியது ஒன்றுமில்லை.

ஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே வரைவது கழுத்துவலியாக இருக்கிறது. கண்ணை எடுத்தால் பறவை எது என்றே தெரியவில்லை. (சென்னை, பள்ளிக்கரணை அருகிலிருந்து)

வரைபவருக்குச் சாய்கண் ஸ்கோப்தான் ஏற்றது. நேர்கண் ஸ்கோப்பில் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தாளுக்குக் குனிய வேண்டும். சாய்கண் வகையில் கண் ஏற்கெனவே கீழ்நோக்கித்தான் இருக்கும். ஒரு மடக்கு முக்காலியில் உட்கார்ந்து, ட்ரைபாட்டைத் தாழ்த்தி, கண்வில்லைக்கு ஒரு சாண் கீழே நோட்டு இருக்குமாறு வையுங்கள். வலக்கையால் வரைபவர் இடக்கண்ணால் பார்த்துப் பழகினால் தலையைத் திருப்பும் வேலை குறையும். மற்றக் கண்ணை மூடாதீர்கள், அது சீக்கிரம் களைப்பைத் தரும்.

பறவையைத் தவறவிடாமல் இருக்கப் பின்னணியில் ஓர் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். உடைந்த சிப்பி, செடி, குச்சி எதுவானாலும் சரி. அந்த அடையாளத்தையும் பக்கத்தில் கிறுக்கிவிடுங்கள்.

பெரிதாக்கம் 25-லிருந்து 30 போதும். 60-க்குத் திருகினால் 65 மில்லிமீட்டர் ஸ்கோப்பில் கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் ஒரு மில்லிமீட்டர்தான், படம் இருண்டுவிடும். வெயில் ஏறியதும் சேற்றுப்படுகையின் மேல் கானல் ஆடும், அதையும் சேர்த்தே 60 மடங்கு பெரிதாக்குவீர்கள். கானலில் அலகும் காலும் நெளிந்து நீண்டு தெரியும், அந்த நேரத்தில் எடுத்த விகிதங்களை நம்பாதீர்கள். விடிந்து இரண்டு மணி நேரத்துக்குள் அமைப்பை வரைந்து முடியுங்கள். கானல் தொடங்கிய பிறகு நடத்தையையும் கூட்டத்தின் வடிவத்தையும் வரையலாம்.

அளவு விஷயத்தில் ஸ்கோப் ஒரு மாயம் செய்யும். ஒரே அளவுள்ள இரண்டு பறவைகள் முன்னும் பின்னும் நின்றால் பின்னால் நிற்பது பெரிதாகத் தோன்றும். "கொசு உள்ளானைவிடப் பெரியது" என்று எழுத வேண்டுமானால் இரண்டும் ஒரே தூரத்தில், பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்போது பார்த்து எழுதுங்கள். இரண்டையும் சேர்த்து ஒரே கோட்டில் வரைந்துவிட்டால் இன்னும் நல்லது.

நான் பூசும் சாம்பல் நிறம் காய்ந்ததும் சுண்ணாம்புபோல வெளிறி, பறவை உயிரற்றுத் தெரிகிறது. (மதுரை வாசகி)

கறுப்பையும் வெள்ளையையும் கலந்து சாம்பல் செய்கிறீர்கள் என்று நினைக்கிறோம். கறுப்பு டியூபைப் பெட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியன்னாவும் கலந்தால் கரைப்பறவைக்கு வேண்டிய எல்லாச் சாம்பலும் கிடைக்கும். நீலம் கூடினால் நிழலின் குளிர்ந்த சாம்பல், சியன்னா கூடினால் முதுகின் பழுப்புச் சாம்பல், இரண்டும் கெட்டியாக இருந்தால் சிறகுநுனியின் கருமை. இறகு ஓரங்களின் மங்கிய மஞ்சளுக்கு யெல்லோ ஓக்கரோடு துளி சியன்னா. ஏப்ரலில் புறப்படும் முன் செங்கல் நிறத்துக்கு மாறும் வளைமூக்கு உள்ளானுக்கு பர்ன்ட் சியன்னாவோடு லைட் ரெட். இந்த நான்கு வண்ணம் போதும்.

நீர்வண்ணம் காயும்போது ஒரு படி வெளிறும். அதனால் ஈரத்தில் சற்று அதிகமாகத் தெரியும் அளவுக்குப் பூசுங்கள். கடலோரக் காலையில் காற்று ஈரமாக இருப்பதால் முதல் பூச்சு காயவே நேரமாகும். காயாமல் இரண்டாவதைப் பூசினால் விளிம்பில் பூப்பூவாகத் திட்டு விழும். அந்த நேரத்தில் பக்கத்துப் பக்கத்தில் அடுத்த கோட்டைப் போடுங்கள். நடுப்பகலில் நேர்மாறு, தூரிகை தாளைத் தொட்டதும் காய்ந்துவிடும். தாளை நிழலில் வைத்துப் பூசுங்கள். நேர்வெயில் பட்ட வெள்ளைத் தாளில் நிறத்தைக் கணிக்கவும் முடியாது.

வெள்ளைக்கு வண்ணம் வேண்டாம், தாளையே விட்டுவிடுங்கள். வெள்ளை வயிற்றின் நிழலை ஒரே சாம்பலாகப் பூசாமல் கவனியுங்கள். மணலில் நிற்கும் பறவையின் அடிவயிற்றில் மணலின் வெதுவெதுப்பான நிறம் எதிரொளிக்கும், தண்ணீரில் நிற்பதில் நீலம். பூநாரையின் இளஞ்சிவப்புக்குப் பழைய அலிசரின் கிரிம்சன் வேண்டாம், வெளிச்சத்தில் மங்கிவிடும். குயினாக்ரிடோன் ரோஸ் நிலைக்கும்.

களத்தில் வண்ணம் பூச நேரம் இல்லையென்றால் அம்புக்குறி போட்டு எழுதி வையுங்கள். "முதுகு, ஈரமணலைவிடக் கருமை" என்று பக்கத்தில் இருப்பதோடு ஒப்பிட்டு எழுதினால் வீட்டில் பூசும்போது கை தடுமாறாது. மாலை வெயிலில் பார்த்ததா, மேகமூட்டத்தில் பார்த்ததா என்பதையும் குறியுங்கள். அந்திவெயில் எந்தச் சாம்பல் பறவையையும் பொன்னிறமாக்கிவிடும்.

அரிய பறவை ஒன்றை வரைந்து அனுப்பினேன். "கையேட்டுப் படம்போல இருக்கிறது, ஏற்க முடியாது" என்றார்கள். நேரில் பார்த்துத்தானே வரைந்தேன்? (கோயம்புத்தூர் வாசகர்)

நீங்கள் பார்த்திருப்பீர்கள், சந்தேகமில்லை. ஆனால் அரிய பறவைப் பதிவுகளைப் பரிசீலிப்பவருக்குக் கையில் கிடைப்பது தாள் மட்டும்தான். வீட்டுக்கு வந்து கையேட்டைத் திறந்துவைத்துத் திருத்தி அழகாக்கிய ஓவியத்தில், நீங்கள் பார்த்தது எது, கையேட்டிலிருந்து வந்தது எது என்று பிரிக்க வழியில்லை. சரியான எல்லா அடையாளங்களும் ஒரே பக்கவாட்டு நிலையில் ஒழுங்காக அமைந்திருப்பதே சந்தேகத்தைக் கிளப்பும்.

களப்பக்கத்தைத் தொடாதீர்கள். பார்க்காத பகுதியை வெறுமையாக விட்டு, "வால் பார்க்கவில்லை", "கால் புல்லில் மறைவு" என்று எழுதுங்கள். அந்த வெற்றிடம் மற்றக் கோடுகளின் நம்பகத்தைக் கூட்டும். பின்னால் படத்தையோ கையேட்டையோ பார்த்து ஏதாவது சேர்க்க வேண்டுமானால் வேறு நிற மையில், தேதி போட்டுச் சேருங்கள். சுத்தமான பெரிய ஓவியம் வரைய ஆசையிருந்தால் தனித்தாளில் வரையுங்கள், ஆனால் பதிவுக்குக் களப்பக்கத்தையே அனுப்புங்கள்.

பக்கத்தின் ஓரத்தில் தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், இடம், பறவை நின்ற தூரம், வெயில் எந்தப் பக்கம், எந்த பைனாக்குலர் அல்லது ஸ்கோப், பக்கத்தில் நின்ற பறவைகள், குரல் ஆகியவை இருக்கட்டும். இதைவிட நெருங்கிய ஒத்த இனம் எது, அது இல்லை என்று ஏன் முடிவு செய்தீர்கள் என்பதை இரண்டு வரியில் எழுதுங்கள். பரிசீலிப்பவர் முதலில் தேடுவது அந்த இரண்டு வரியைத்தான். இ-பேர்ட் என்ற இணையப் பறவைப் பதிவுத் தளத்தில், உங்கள் பட்டியலோடு களப்பக்கத்தைப் படம் எடுத்து ஏற்றலாம். ஏற்றும்போது அது களக்குறிப்பு, ஓவியம் என்று குறிக்கும் வகையும் அங்கே இருக்கிறது.

கரிசல் காட்டின் மேல் பூனைப்பருந்துகள் தாழப் பறந்து போகின்றன. பறக்கும் பறவையை எப்படி வரைவது? (கோவில்பட்டி வாசகர்)

பறக்கும் பறவையில் உடம்பு கடைசி. முதலில் சிறகின் முன்விளிம்பை ஒரே இழுப்பில் போடுங்கள், மணிக்கட்டில் எங்கே மடிகிறது என்பதோடு. பூனைப்பருந்து மிதக்கும்போது இரு சிறகும் மேல்நோக்கி ஆழமில்லாத 'வி' வடிவில் நிற்கும், அதை எதிர்த்தோற்றத்தில் தனியாகப் போடுங்கள். அடுத்து நுனியில் விரல்போலப் பிரியும் இறகுகளை எண்ணுங்கள்.

ஆண் பறவை என்றால் கருமை எங்கே இருக்கிறது என்பதை மட்டும் நிரப்பினால் போதும். வெளிர் பூனைப்பருந்தில் நுனியில் ஒடுங்கிய கறுப்பு ஆப்பு மட்டும். மாண்டேகு பூனைப்பருந்தில் நுனி முழுக்கக் கறுப்பு, கூடவே சிறகின் நடுவில் நீளவாட்டில் ஒரு கறுப்புப் பட்டை. பெண்ணும் இளம்பறவையும் கடினம். முகத்தைத்தான் வரைய வேண்டும். கன்னத்துக் கருமைக்குப் பின்னால் வெளிர் கழுத்துப்பட்டை தெளிவாக ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் வெளிர் பூனைப்பருந்தின் பக்கம் சாயும்.

ஒரே பறவை அதே வரப்பில் திரும்பத் திரும்பச் சுற்றும். முதல் சுற்றில் வடிவம், அடுத்ததில் சிறகின் மேற்பக்கம், பிறகு அடிப்பக்கம் என்று ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே கேள்வியோடு பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே சுற்றில் பிடிக்கப் போனால் எதுவும் நிற்காது.

ஆறுமணிக்குருவி ஒன்று களைத்துப்போய் வீட்டு முற்றத்தில் விழுந்தது. கையில் வைத்துக்கொண்டு வரையலாமா? (மன்னார் வாசகி)

வேண்டாம். அது இரவில் பறந்து வந்த பறவை, கடைசிச் சக்தியில் இருக்கும். கையில் பிடித்தால் பயத்திலேயே செத்துப்போகலாம். காற்றோட்டத் துளை போட்ட அட்டைப்பெட்டியில், அடியில் துணி விரித்து, இருட்டாக, பூனை அண்டாத இடத்தில் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். அந்தியில் பெட்டியை மரநிழலில் திறந்து வையுங்கள். அது வெளியே வந்து நிற்கும் சில நிமிடங்கள்தான் உங்களுக்கு வரையக் கிடைக்கும் நேரம். குட்டை வால், நீண்ட கால், நிமிர்ந்த உடம்பு, கண்ணை மறைக்கும் கறுப்புப் பட்டை ஆகியவற்றைப் பென்சிலில் பிடியுங்கள். முதுகுப் பச்சை, தோள் நீலம், அடிவால் சிவப்பு எல்லாம் எழுத்தில் போதும்.

நம் ஊரில் இப்படிப் பறவைகளை வரைந்து வைத்த பழைய மரபு உண்டா? (சேலம் வாசகர்)

சென்னையிலேயே உண்டு. நீதிபதியின் மனைவியாக 1801-ல் மதராசுக்கு வந்த எலிசபெத் க்வில்லிம், 1807-ல் இங்கேயே இறக்கும் வரை இந்த வட்டாரப் பறவைகளை நீர்வண்ணத்தில் வரைந்தார். 120-க்கும் மேற்பட்ட ஓவியங்கள் இன்று கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. பல ஓவியங்கள் பறவையின் உண்மையான அளவிலேயே வரையப்பட்டவை. பறவை பிடிப்பவர்கள் உயிரோடு கொண்டுவந்து கொடுத்தவற்றைப் பார்த்து வரைந்திருக்கிறார். இறகு வரிசைகளை ஒவ்வொன்றாக அவர் வைத்திருக்கும் விதத்தை, வரையப் பழகும் எவரும் கூர்ந்து பார்க்க வேண்டும். சிறகின் மூடு இறகுகள் எத்தனை அடுக்கு, ஒன்றின்மேல் ஒன்று எப்படிப் படிகின்றன என்பது அந்த ஓவியங்களில் தெளிவாகத் தெரியும். பிடித்துக் கூண்டில் வைத்து வரையும் வழி இன்று நமக்கு இல்லை, அது நல்லதே.

காலில் கொடிபோல ஏதோ கட்டிய உள்ளானைப் பார்த்தேன். அதையும் ஓவியத்தில் காட்ட வேண்டுமா? எவ்வளவு கிட்டப் போகலாம்? (இராமநாதபுரம் வாசகர்)

கட்டாயம் காட்ட வேண்டும். வலசைப் பாதையை அறிய ஆய்வாளர்கள் மாட்டிய பிளாஸ்டிக் கொடி அது. எந்த நாட்டில், எந்த இடத்தில் மாட்டியது என்பதை நிறமும் வரிசையும் சொல்லும். இரண்டு கால்களையும் தனியாகப் பெரிதாக வரைந்து, பறவையின் இடது, பறவையின் வலது என்று எழுதுங்கள். எதிரே பார்க்கும்போது இடவலம் மாறிப்போவதுதான் வழக்கமான பிழை. கொடி கணுவுக்கு மேலே இருக்கிறதா கீழேயா, இரண்டு கொடி என்றால் எந்த நிறம் மேலே, உலோக வளையம் எந்தக் காலில், எழுத்து இருந்தால் என்ன எழுத்து என்று குறியுங்கள். ஓரெழுத்துதான் தெளிவாகத் தெரிந்தது என்றால் மற்றதுக்குக் கோடு போட்டு விடுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள். வெயிலில் வெளிறிய ஆரஞ்சு மஞ்சளாகத் தெரியும், சந்தேகமிருந்தால் இரண்டு நிறத்தையும் எழுதுங்கள்.

தூரத்தைப் பறவையே சொல்லும். மேய்வதை நிறுத்தி, கழுத்தை நீட்டி, எல்லாம் ஒரே பக்கம் பார்த்தால் நீங்கள் ஏற்கெனவே அதிகம் நெருங்கிவிட்டீர்கள். அங்கேயே உட்கார்ந்துவிடுங்கள். பிறகு அவை மேய்ந்துகொண்டே தாமாக அருகில் வருவதும் உண்டு. நீர் ஏறிய நேரத்தில் மேட்டில் கூடி ஓய்வெடுக்கும் கூட்டத்தைக் கிளப்பவே கூடாது. கொடியின் எழுத்துக்காகக்கூட வேண்டாம். அந்த உள்ளான் மறுநாள் காலையிலும் அதே சேற்றில் மேயும், வெளிச்சம் முதுகுப்பக்கம் விழும் இடமாகப் பார்த்து முன்கூட்டியே போய் உட்காருங்கள்.